முதல் பதில் உரிமை

"உனக்கு முன்னாடி இந்தச் சந்தேகம் வேற யாருக்காவது வந்திருக்குதாமா?"

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கலியன், கிரேஸைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. மண்டபத்தில் இப்போது கல்யாணம் நடப்பதில்லை. அது 'அறிவொளிர் நிரலாக்கப் பயிற்சி மற்றும் சந்தேக நிவர்த்தி மையம்' ஆகிவிட்டது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க வருகிறவர்கள் வழியில் தடுக்கி விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிடுவதற்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவச மையம். கைகொடுப்பதற்கு முன்னால் சில சம்பிரதாயங்கள் இருந்தன, அவ்வளவுதான்.

கிரேஸ் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண்.

"வந்திருக்கும்ணா. புதுசா படிக்கிறவங்க எல்லாருக்கும் வரும்னு நெனைக்கிறேன்."

"அப்போ அது பழைய சந்தேகம். பழைய சந்தேகத்துக்கு டோக்கன் கெடையாது. சாப்பாட்டு ஹால் சுவத்துல பதில் ஒட்டியிருக்குது, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். பந்தி பரிமாறிய ஹாலின் சுவர் முழுக்கத் தாள்கள். அவளுடைய சந்தேகம் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருந்தது. அதன் கீழே, 'இது முன்பே கேட்கப்பட்டது. மேலே உள்ள தாளைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. மேலே இருந்த தாளும் அதற்கு மேலே பார்க்கச் சொன்னது. கை கழுவும் தொட்டியின் மேல் ஏறி நின்று, கூரையை ஒட்டியிருந்த கடைசித் தாளைப் படித்தாள். 'கேள்வி தெளிவாக இல்லை' என்றது அது.

திரும்பி வந்தாள். "அண்ணா, இது யாருக்குமே வரலைன்னு வெச்சுக்கங்க."

கலியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மையத்துக்கு வருவதற்கு முன் அவர் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர். எத்தனையோ கால்களைப் பார்த்தவர். நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"எவ்ளோ பெரிய படிப்பு படிச்சவங்க இருக்காங்க. அவங்களுக்கே வராத சந்தேகம் உனக்கு மட்டும் எப்படிமா வரும்? வீட்ல ஏதாவது கஷ்டமா?"

அன்று டோக்கன் இல்லாமலே தன் ஊரான மாகறலுக்குப் பஸ் ஏறினாள்.

*

கிரேஸின் சந்தேகம் சின்னது. அதன் பின்னால் இருந்தது சின்னதில்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் அவள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேர்ந்தாள். சேலையை விரித்துக் காட்டுவதும், பிடிக்கவில்லை என்றதும் மடித்து வைப்பதும் வேலை. காலையிலிருந்து கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது கடைக்காரர் உடனே ஒரு நல்ல முக்காலி வாங்கிப் போட்டார். அதன் மேல் சேலைக் கட்டுகள் உட்கார்ந்துகொண்டன. அதிகாரி வந்து முக்காலியைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். கிரேஸின் குதிகாலில் இருந்த வலி மெல்ல முழங்காலுக்கு ஏறியது.

வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கம்பெனி ஆபீசுக்கு ஆள் எடுக்கிறார்கள், இந்த மாதிரி மையங்களில் படிக்கிறவர்களைத்தான் எடுப்பார்கள், பட்டம் வேண்டாம், சொந்தமாக ஒரு சின்ன புரோகிராம் எழுதி, கம்பெனியிலிருந்து வருகிற அம்மாள் முன்னால் ஓட்டிக் காட்டினால் போதும் என்று கேள்விப்பட்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க உக்காந்து செய்ற வேலையா?" ஆமாம், ஆளுக்கொரு சுழல் நாற்காலி என்றார்கள். அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

கடையில் பாதி நாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு மையத்தில் படித்தாள். அவள் எழுதிய புரோகிராமின் பெயர் 'அடுத்த பஸ்'. நேரத்தைத் தட்டினால், காஞ்சிபுரத்திலிருந்து மாகறலுக்கு அதற்கடுத்த பஸ் எது என்று சொல்ல வேண்டும். எழுதியதெல்லாம் சரிதான். ஒரே ஒரு தவறு. பைத்தானில், ஒரு கட்டளைக்கு அடங்கிய வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். கிரேஸுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது வேறு. மார்ஜினை விட்டு விலகினால் கணக்கு டீச்சர் ஸ்கேலால் விரலில் போடுவார். அந்த பயத்தில் எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் சுவரோடு சுவராக நிறுத்தி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் ஓட மறுத்தது.

யாராவது ஒருவர், "அந்த வரியை உள்ளே தள்ளு" என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் அந்த மையமே நடந்தது.

*

அடுத்த முறை கலியன் இரக்கப்பட்டார். "பழசும் இல்ல, புதுசும் இல்ல, ஒரு மாதிரி நடுவுல இருக்குதுன்னு சொல்லு. டோக்கன் தரேன். ஆனா உள்ள போய் நேரா கேட்டுடாத. முன்னுரை சொல்லணும்."

"இன்னா முன்னுரைண்ணா?"

கலியன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக் காட்டினார்:

"எனக்கு முன்னால் இதைக் கேட்ட எல்லோருக்கும் வணக்கம். நான் தேடினேன், எனக்குத்தான் கிடைக்கவில்லை. கிடைக்காதது என் குற்றம். என் அறியாமையால் பெரியவர்களின் நேரம் வீணாவதற்கு வருந்துகிறேன். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நன்றி."

"இதெல்லாம் சொன்னப்புறம் கேக்கலாமா?"

"இதைச் சரியா சொன்னா கேக்கலாம். நெறைய பேரு 'வருந்துகிறேன்'ல திணறிடுவாங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து."

கலியன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து கமல் என்ற பையன் வந்தான். வாரக்கணக்காக வந்துகொண்டிருந்தவன். முகம் சுண்டிப் போயிருந்தது. யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். கலியன் சட்டென்று எழுந்து, நிலைப்படியில் தொங்கிய பித்தளை மணியின் கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

"எதுக்குண்ணா மணி?"

"சந்தேகம் தீர்ந்துடுச்சு இல்ல?"

"அந்தண்ணன் அழுதுக்கினு போனாப்ல இருந்துதே."

"வெளிய போறவங்க ஏதாவது சொல்லிக்கினு போனா, இன்னும் பாக்கி இருக்குதுன்னு அர்த்தம். வாயைத் தொறக்காம போனா தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். டைரக்டர் மேடம் போட்ட ரூல். இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் பேசிக்கினு போனதில்ல தெரியுமா? நூத்துக்கு நூறு."

இழுத்த வேகத்தில் மணியின் நாக்கு கழன்று தரையில் விழுந்து உருண்டது. கம்பி எப்போதோ அறுந்துபோய், பட்டு நூல் கழிவைத் திரித்துக் கட்டி வைத்திருந்தார். அதைப் பொறுக்கி, மறுபடி முடிச்சுப் போட்டார். "வாரத்துக்கு ரெண்டு தபா விழுந்துடுது" என்று அலுத்துக்கொண்டார். "அவ்ளோ பேருக்குத் தீருது, இன்னா பண்ண?"

*

மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றில் பரசுராமன் சார். மற்றொன்றில் விமல்ராஜ் சார். கீழே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்.

ஒவ்வொரு மானிட்டரின் கீழ்ப்பாதியிலும் சின்னதாக ஒரு பட்டுத் திரை தொங்கியது, கோயிலில் அலங்காரம் நடக்கும்போது போடுவார்களே அதைப் போல. புரோகிராமில் பிழை இருந்தால், என்ன பிழை, எந்த வரி என்று கம்ப்யூட்டரே கீழே எழுதிக் காட்டும். அதை ஆரம்ப நிலையினர் படித்தால் மனம் உடைந்துவிடும் என்பதற்காகத் திரை. அதை விலக்கும் தகுதி மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

கிரேஸ் முன்னுரையைத் திணறாமல் சொன்னாள். 'வருந்துகிறேன்' வந்தபோது உண்மையிலேயே கொஞ்சம் வருந்தினாள்.

"நல்லா சொல்ற" என்றார் பரசுராமன் சார். "சந்தேகம் இன்னா?"

"ஓட மாட்டேங்குது சார்."

இருவரும் இறங்கி வந்தார்கள். இருவரும் மேல்பாதியைப் பார்த்தார்கள். இருவருக்கும் அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. கிரேஸ் அதை அவர்கள் முகத்தில் கண்டாள். பசிக்கு இலை போட்ட மாதிரி அவளுக்குள் ஒரு நிம்மதி.

"உள்ளே தள்ளணும்..." என்று பரசுராமன் சார் வாயெடுத்தார்.

"சார்" என்றார் விமல்ராஜ் சார். "முதல் பதில் யாருக்குன்னு இன்னும் முடிவாகல."

இங்கே கொஞ்சம் விளக்கம் வேண்டும். வரியை உள்ளே தள்ளுவதற்குக் கீபோர்டில் இரண்டு வழி. டேப் என்ற கட்டையை ஒரு தட்டு தட்டினால் ஒரே தாவாகத் தாவும். இல்லையென்றால் ஸ்பேஸ் கட்டையைத் தட்டித் தட்டி நகர்த்தலாம். இரண்டில் எதுவானாலும் கம்ப்யூட்டருக்குச் சம்மதம். ஒரே இடத்தில் இரண்டையும் கலந்தால் மட்டும் ஓடாது. பரசுராமன் சார் டேப் கட்சி. அவர் பக்கத்து மாணவர்களின் கீபோர்டில் டேப் கட்டைமேல் சிவப்புப் பொட்டு இருக்கும். விமல்ராஜ் சார் ஸ்பேஸ் கட்சி. அவர் பக்கத்தில் ஸ்பேஸ் கட்டைமேல் நீளமாக வெள்ளைக் கோடு. புதிதாக வந்த பிரிண்டருக்கு எந்த அடையாளம் போடுவது என்று தீராததால் அது இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு சந்தேகம் வந்தால் முதல் பதில் சொல்லும் உரிமை எந்தக் கட்சிக்கு என்ற வழக்கு, சென்னையில் அறக்கட்டளைத் தலைமையிடம் போயிருந்தது. தீர்ப்பு வரும்வரை பழைய நிலையே தொடர வேண்டும் என்று உத்தரவு. பழைய நிலையில் யாரும் பதில் சொன்னதில்லை. ஆகவே அதுவே தொடர்ந்தது.

"சார், ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் மெதுவா சொல்லிடுங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் கிரேஸ்.

விமல்ராஜ் சாரின் கண் கலங்கியது. "எனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க? தனியா உக்காந்து அழுதேன். மாசக்கணக்கா அழுதேன். அந்த அழுகைதான் இன்னிக்கு என்னை இந்தச் சேர்ல உக்கார வெச்சிருக்குது. அதை உன்கிட்டேர்ந்து பிடுங்கிக்க நான் யாரு, சொல்லு?"

"அதுல மட்டும் நான் சாரோட ஒத்துப்போறேன்" என்றார் பரசுராமன் சார். "இன்னொண்ணும் யோசி. இன்னிக்குப் பதில் சொல்லிட்டா நாளைக்கு நீ வர மாட்ட. நீ வரலைன்னா இந்தப் பக்கத்துல கூட்டம் கொறையும். கூட்டம் கொறஞ்சா அறக்கட்டளை இன்னா நெனைக்கும்? சந்தேகம் இருக்கறவரைக்கும்தாம்மா நாங்க."

மறுபடி இருவரும் சிம்மாசனம் ஏறினார்கள். ஏறும்போது முதல் படியில் யார் கால் வைப்பது என்று சற்றுத் தாமதமானது.

*

வீட்டில் அம்மா மேரி கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். பிள்ளைகள் தட்டை நீட்டினால் போட்டுவிடுவதுதான் அவளுக்குத் தெரிந்த நிர்வாகம்.

"இன்னாடி, இன்னிக்காவது சொன்னாங்களா?"

"சொல்லலமா. ஆனா நல்லா கேக்கறேன்னு சொன்னாங்க."

"உப்பு எங்கன்னு கேட்டா டப்பாவக் காட்டணும். கேட்டது நல்லா இருந்துச்சுன்னா சொல்லுவாங்க? வேற எங்கனா போயி கேளேன்."

"வெளிய கேட்டா சேர்க்கை ரத்துமா. கையெழுத்து வாங்கிக்கினாங்க."

"வாட்சப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கியே?"

மையத்துக்கு ஒரு வாட்சப் குழுவும் இருந்தது. 'சந்தேகம் மட்டும்' என்று பெயர். கிரேஸ் அதில் தயங்கித் தயங்கித் தன் சந்தேகத்தைப் போட்டாள். பூங்கொத்துப் படத்தோடு ஒரு காலை வணக்கம் வந்தது. ஒருவர் கும்பிடு போட்டார். இன்னொருவர் தன் மச்சான் கடைத் திறப்பு விழாவுக்கு அழைத்தார். கடைசியில் மையத்தின் இயக்குநர் துர்கா மேடமே எழுதினார்: 'உறுப்பினர்கள் கவனத்துக்கு. குழுவில் தேவையற்ற சந்தேகங்களைப் பதிவிட்டு மற்றவர்களுக்குத் தொந்தரவு தர வேண்டாம்.' அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

*

வாலாஜாபாத் கம்பெனி அம்மாள் வருகிற தேதி தெரிந்ததும் மையம் பரபரப்பானது. ஓட்டிக் காட்டப் போவது கிரேஸின் புரோகிராம்தான். அந்த வேலைக்குப் பெயர் கொடுத்த மற்றவர்களெல்லாம் சந்தேகம் தீர்ந்து போய்விட்டார்கள்.

துர்கா மேடம் இரண்டு கட்சியையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மேடம் முன்பு விழாக்களில் தொகுப்பாளராக இருந்தவர். தனியாகப் பேசினாலும் மைக்கில் பேசுவதுபோலவே பேசுவார்.

"பெருமைக்குரிய இரு தரப்பினரே! இந்தக் குழந்தையின் எதிர்காலம் நமக்கு முக்கியம். ஆனால் அதைவிட முக்கியம் நம் மையத்தின் ஒற்றுமை. ஒருவருக்கு மரியாதை செய்து இன்னொருவரை வருத்தப்பட வைத்து ஒரு சந்தேகம் தீர வேண்டுமா? அப்படிப்பட்ட தீர்வு நமக்குத் தேவையே இல்லை. ஆகவே, புரோகிராமின் மேல்பாதி பரசுராமன் சாருக்கு. கீழ்ப்பாதி விமல்ராஜ் சாருக்கு. ஒரே நேரத்தில் இருவரும் திருத்துவார்கள். முதல் என்ற பேச்சே எழாது."

இரண்டு பக்கமும் கைதட்டின. கிரேஸும் தட்டினாள். அவளுக்கு அப்போது மேடத்தின் காலில் விழலாம் போல இருந்தது.

ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு கீபோர்டு மாட்டினார்கள். நாதஸ்வரக்காரர் உட்காரும் இடத்திலிருந்து கலியன் கையை உயர்த்தி இறக்கியதும், பரசுராமன் சார் மேல்பாதியில் சிவப்புப் பொட்டுக் கட்டையைத் தட்டினார். அவர் கையெடுத்த அதே நொடியில் விமல்ராஜ் சார் கீழ்ப்பாதியில் வெள்ளைக் கோட்டுக் கட்டையைத் தட்டித் தட்டித் தட்டினார். சுவரோரம் நின்ற வரிகளெல்லாம் உள்ளே நகர்ந்தன. கிரேஸ் முதல்முறையாகத் தன் புரோகிராம் படிப்படியாக இறங்கி நிற்பதைப் பார்த்தாள். இவ்வளவுதானா? தள்ள வேண்டும், அவ்வளவுதானா?

ஓட்டினாள். ஓடவில்லை. திரைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ ஒரு வரி தெரிந்தது.

"சார், திரையை ஒரு தபா தூக்கிப் பாக்கட்டுமா? கீழ இன்னாவோ எழுதிக்கினு இருக்குது சார்."

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். சாமி அலங்காரத்தின்போது உள்ளே எட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"என் பாதி சரியா இருக்குது" என்றார் பரசுராமன் சார்.

"என் பாதி ரொம்ப சரியா இருக்குது" என்றார் விமல்ராஜ் சார்.

"பாதியும் பாதியும் சரி என்றால் முழுதும் சரி" என்று துர்கா மேடம் முடித்துவைத்தார். "ஓடாதது இயந்திரத்தின் மனநிலை. விழா அன்று விளக்கேற்றினால் ஓடும்."

அடுத்து, தீர்க்கப்பட்ட சந்தேகத்துக்கு நன்றி சொல்லும் முறை பற்றிக் கிரேஸுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

*

கம்பெனி அம்மாளின் பெயர் சம்பூர்ணம். பருத்திச் சேலை, தோளில் பெரிய பை, அதில் பாதிக் கடித்த கொய்யா. அவசரக்காரி. பன்னீர் தெளித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொன்னாடையை மடித்து நாற்காலியில் போட்டாள்.

துர்கா மேடம் வரவேற்றார். "நம் மையத்தின் தனிச்சிறப்பு என்னவென்றால், இங்கே வந்த எந்தச் சந்தேகமும் சந்தேகமாகத் திரும்பிப் போனதில்லை. ஏன், சந்தேகத்தோடு வந்தவர்களே திரும்ப வந்ததில்லை!"

"சரிங்க மேடம். நான் இன்னும் ரெண்டு சென்டருக்குப் போவணும். பொண்ணு எங்க?" என்றாள் சம்பூர்ணம்.

கிரேஸ் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஓட்டினாள். திரைக்குப் பின்னால் சிவப்பு.

சம்பூர்ணம் குனிந்து பார்த்தாள். "இது இன்னாபா துணி?"

யாரும் பதில் சொல்வதற்குள், கடையில் முந்தானையைப் புரட்டிப் பார்ப்பதுபோல் விரலால் திரையை அள்ளி மேலே போட்டாள். பின்னாலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள். சம்பூர்ணம் சாவகாசமாகப் படித்தாள்.

"டேப்பும் ஸ்பேஸும் கலந்து கெடக்குதுன்னு தெளிவா போட்டிருக்குதே. யார் இப்டித் தள்ளி வெச்சது?"

"கலந்தது அவர்" என்றார் பரசுராமன் சார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே மேல டேப் இருந்துச்சு. அப்போ கலந்தது யாரு?" என்றார் விமல்ராஜ் சார்.

சம்பூர்ணம் இருவரையும் விட்டுவிட்டுக் கிரேஸ் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் தணிந்தது. "புரோகிராம் ஓடலைன்னா பரவாயில்லமா. எங்க ஆபீஸ்லயும் பாதி நாள் ஓடாது. தெரியாததை வாயைத் தொறந்து கேக்கற ஆளுதான் எனக்கு வோணும். தெரிஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்கறவங்க அங்க நெறைய. இப்போ இந்த வரியைப் படி. புரியாததை என்கிட்ட கேளு. ஒண்ணே ஒண்ணு கேளு, போதும்."

கிரேஸ் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தாள். ஆங்கிலம்தான். ஆனால் டேப் என்ற சொல் தெரிந்தது. ஸ்பேஸ் என்ற சொல் தெரிந்தது. கேள்வி தானாக வந்து நாக்கு நுனியில் நின்றது. 'எல்லாத்தையும் ஒரே கட்டையால தள்ளிட்டா ஓடுமா?' அவ்வளவுதான் கேட்க வேண்டும். சுழல் நாற்காலி ஒன்று அவளுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோலக்கூட இருந்தது.

வாயைத் திறந்தாள்.

"எனக்கு முன்னால் இதைக் கேட்ட எல்லோருக்கும் வணக்கம்."

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தப் பார்த்தாள். வாய் நிற்கவில்லை. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"நான் தேடினேன், எனக்குத்தான் கிடைக்கவில்லை. கிடைக்காதது என்..."

"இன்னாமா இது?" என்றாள் சம்பூர்ணம். "கேள்வியைக் கேளு."

"மேடம், விருந்தினரிடம் கேட்கும்போது வணக்கத்தை விருந்தினருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்று பரசுராமன் சார் எழுந்தார். "முதல்லேர்ந்து சொல்லுமா."

"அது அவங்க பக்கத்து வழக்கம்" என்று விமல்ராஜ் சார் எழுந்தார். "எங்க பக்கத்துல வருத்தம்தான் முதல்ல. வணக்கம் அப்புறம்."

"என் அறியாமையால்" என்றாள் கிரேஸ். "பெரியவர்களின் நேரம்... எனக்கு முன்னால்... வருந்து..."

"வணக்கம்!" என்றது ஒரு பக்கம்.

"வருத்தம்!" என்றது மறு பக்கம்.

துர்கா மேடம் மைக்கைத் தட்டி, ஒரு வரி வணக்கம், ஒரு வரி வருத்தம் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் எந்த மனமும் புண்படாது என்று யோசனை சொன்னார். கிரேஸ் அப்படியும் சொல்லிப் பார்த்தாள். இப்போது அவளுக்குக் கேள்வி மறந்துபோயிருந்தது. நாக்கு நுனியில் நின்றது எங்கே போனது என்று தெரியவில்லை.

சம்பூர்ணம் காத்திருந்தாள். அவசரக்காரி காத்திருக்கக்கூடிய அளவுக்கு மேலேயே காத்திருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிரேஸைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொன்னாடையை அங்கேயே விட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போனாள்.

கலியன் ஒரு கணம் அசந்து நின்றார். ரூல் நினைவுக்கு வந்தது. கம்பெனி அம்மாளுக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது! பூரிப்பில் கயிற்றைப் பிடித்து, திருவிழாவுக்கு அடிப்பதுபோல இழுத்தார். மண்டபம் அதிர்ந்தது. டேப் கட்சி கைதட்டியது. அதற்குக் குறையக் கூடாதென்று ஸ்பேஸ் கட்சியும் தட்டியது. துர்கா மேடம் மைக்கில், "திருப்தி! முழுத் திருப்தி! வாலாஜாபாத்தே திருப்தி!" என்றார்.

பட்டு நூல் அறுந்தது. மணியின் நாக்கு கீழே விழுந்து, டங்கென்று ஒருமுறை துள்ளி, உருண்டு உருண்டு வந்து கிரேஸின் கால் பெருவிரலில் இடித்து நின்றது.

"எடும்மா, எடு" என்று வாசலிலிருந்து கலியன் கை நீட்டினார். "கட்டிடறேன். நீயும் போறதானே? உனக்கும் அடிக்கணும்."

கிரேஸ் குனிந்து அதை எடுத்தாள். பார்வைக்குச் சின்னது, கையில் கனமாக இருந்தது. மேடையில் இரண்டு சார்களும் கம்பெனி அம்மாளை முதலில் திருப்திப்படுத்தியது யார் என்று ஆரம்பித்திருந்தார்கள். அவள் தன் சோற்று டப்பா பையைத் திறந்து, மணியின் நாக்கை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, அதைக் குடுத்துட்டுப் போ. ஏதாவது சொல்லு... இல்ல, சொல்லாத, சொல்லாத, சொன்னா கணக்கு கெட்டுடும். குடுத்துட்டு மட்டும் போம்மா" என்றார் கலியன், ஒரு கையில் கயிறும் மறு கையில் காற்றுமாக.

கிரேஸ் வாசலைத் தாண்டினாள். பழக்கதோஷத்தில் கலியன் கயிற்றை இழுத்தார். ஒரு முறை. இன்னொரு முறை. மணி ஆடியது, ஆடியது, சத்தம் வரவில்லை. கைதட்டுவதற்காக உயர்த்திய கைகள் உள்ளே அப்படியே அந்தரத்தில் நிற்க, அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாகறல் பஸ் நிற்கிற திசையில் நடந்தாள்.